ஹேண்ட் பிரேக்: லிவரா, ஸ்விட்சா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடிப்பெருக்கு. திருவையாற்றில் கரைச் சாலையிலிருந்து படித்துறைக்கு இறங்கும் சரிவில் காரை நிறுத்தினேன். வழக்கம்போல ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், இறங்கினேன், டிக்கியைத் திறந்து புளியோதரைத் தூக்கை எடுத்தேன். டிக்கியை ஓங்கிச் சாத்திய அதிர்வில் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. "அண்ணே, வண்டி போவுது! கல்லப் போடு, கல்லப் போடு!" என்று பலூன் விற்கிற பையன் கத்திக்கொண்டே ஓர் அரைச் செங்கல்லைக் காலால் எத்தி முன்சக்கரத்துக்கு அடியில் தள்ளினான். வண்டி நின்றது. எதிரே இளநீர் வண்டி ஒரு முழம் தூரத்தில்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். அந்த வண்டியில் லிவரை உறுதியாக இழுத்தால் ஏழு 'டிக்' கேட்கும். நான் இழுத்தது மூன்று. கியரிலும் போடவில்லை. பத்து வருடமாக மூன்றே போதுமாக இருந்ததுதான் காரணம். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணி வரை தரை தாம்பாளம் மாதிரி கிடக்கிற ஊரில், ஹேண்ட் பிரேக் என்பது பாதிப் பேருக்கு ஓர் அலங்காரம். நமக்கு மேடு என்றால் பாலம்தான். அது மட்டும் நிறைய உண்டு: தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பழைய சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்றம், ஓர் இறக்கம்.

போன வருடம் கும்பகோணத்தில் இருக்கிற என் மைத்துனன் புது வண்டி எடுத்தான். எடுத்த அன்று சாயங்காலமே போன். "அத்தான், இதுல ஹேண்ட் பிரேக்கே இல்ல. கப் வைக்கிற பள்ளந்தான் இருக்கு. பக்கத்துல ஒரு ஸ்விட்சு." அவனுக்குச் சொல்லச் சொல்லச் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான். இரண்டு பிரேக்கும் செய்வது ஒரே வேலை: சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது, அநேகமாக எல்லாக் கார்களிலும் பின்சக்கரத்தை. பிடித்திருக்கிறதா என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். லிவரில் கை சொல்லும். ஸ்விட்சில் விளக்கு சொல்லும். லிவர் ஓட்டிப் பழகியவர் ஸ்விட்ச் வண்டியில் விளக்கைப் பார்ப்பதில்லை. ஸ்விட்ச் வண்டியில் பழகியவர் லிவரில் கையை நம்புவதில்லை, பாதியில் விட்டுவிடுகிறார். தப்பு நடப்பதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

லிவரை மேலே இழுத்தால் அதன் அடியில் இருக்கும் பல்வரிசையில் ஒரு சிறு கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி மாட்டும். அந்தச் சத்தம்தான் 'டிக் டிக்'. லிவரிலிருந்து இரும்புக் கேபிள் வண்டிக்கு அடியில் போய், இரண்டாகப் பிரிந்து, இரண்டு பின்சக்கரத்துக்கும் சமமாக இழுக்கும். பின்னால் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) இருந்தால் உள்ளே இருக்கும் பிறை வடிவ ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) இருந்தால், அதன் விளிம்பைக் கவ்வியிருக்கும் காலிபரில் உள்ள கை அசைந்து பேடை, அதாவது உரசும் வில்லையை, தட்டின் மேல் அழுத்தும். மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை. சைக்கிள் பிரேக்கின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் வகையில் இரண்டு உண்டு. ஒன்றில் வண்டிக்கு அடியில் ஒரு மோட்டார் உட்கார்ந்துகொண்டு அதே பழைய கேபிளை நமக்குப் பதிலாக இழுக்கும். இன்னொன்றில், இன்று அதிகம் வருவது இதுதான், பின் காலிபர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார். அது பல்சக்கரம் வழியாக ஒரு திருகைச் சுற்றும், திருகு பிஸ்டனைத் தள்ளும், பேடு டிஸ்க்கைக் கவ்வும். ஸ்விட்சை இழுத்ததும் பின்பக்கம் 'க்ர்ர்' என்று ஓரிரு விநாடி கேட்பது அந்தத் திருகு சுற்றுகிற சத்தம்.

இங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி: பேட்டரி செத்துப்போனால் பிரேக் விட்டுவிடுமா? விடாது. இறுக்கிய போல்ட் தானாகக் கழலாத மாதிரி, அந்தத் திருகு இறுகிய இடத்தில் நிற்கும். அதைப் பிடித்து வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. சிக்கல் நேர் எதிர்த் திசையில்தான்: பேட்டரி இல்லாமல் அதை விடுவிக்க முடியாது. நம் ஊர் மழைக்காலத்துக்கு இது முக்கியமான சங்கதி, பின்னால் வருகிறேன்.

2001ல் வந்த பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் ஆரம்பித்த இந்த ஸ்விட்ச், இப்போது நடுத்தர விலை வண்டிகளின் மேல் வேரியன்ட்கள் வரை வந்துவிட்டது. ஜீப் காம்பஸ், 2020 முதல் க்ரெட்டாவின் சில வேரியன்ட்கள், 2024ல் வந்த எக்ஸ்.யூ.வி 3எக்ஸ்.ஓ-வின் மேல் வேரியன்ட்கள் இப்படி. ஸ்விஃப்ட், வேகன்ஆர், இன்னோவா கிரிஸ்டா போன்ற நம் தெருக்களில் அதிகம் தென்படுகிறவை லிவர்தான்.

லிவர் வண்டியை நிறுத்தும் முறை

1. கால் பிரேக்கை அழுத்தி வண்டியை முழுதாக நிறுத்துங்கள். காலை எடுக்காதீர்கள்.

2. க்ளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள்.

3. லிவரை ஒரே இழுப்பாக, தோள்பட்டை வேலை செய்கிற அளவுக்கு இழுங்கள். 'டிக்' எண்ணுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே நிற்கும். உங்கள் வண்டிக்கு எத்தனை என்று கையேட்டில் போட்டிருக்கும். நுனிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இழுத்தால்தான் பல் தேயாது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பற்கள் தாண்டுவதற்கென்றே செய்தவை. பொத்தானை அழுத்தி இழுக்கிற பழக்கம் இருந்தால் சரி, ஆனால் பொத்தானை விட்ட பிறகு லிவர் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

4. இப்போது, கியரில் போடுவதற்கு முன்னால், கால் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி அரை அங்குலம் அசைந்து ஹேண்ட் பிரேக்கில் உட்காரும். அதற்கு மேல் நகர்ந்தால் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். படித்துறைச் சரிவில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

5. மறுபடி காலை வைத்து, இன்ஜினை அணைத்து, கியரில் போடுங்கள். மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர். மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் வரிசை கொஞ்சம் மாறும்: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலை எடுத்து வண்டியை உட்கார விடுவது, மறுபடி கால் பிரேக், அப்புறம்தான் 'பி' (பார்க்கிங்). நேராகப் 'பி'யில் போட்டுக் காலை எடுத்தால் வண்டியின் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்பு நாக்கின் மேல் தொங்கும். சரிவில் நிறுத்திவிட்டு வந்து 'பி'யிலிருந்து மாற்றும்போது 'டங்' என்று அடித்தால் அந்த நாக்குதான் கத்துகிறது.

ஸ்விட்ச் வண்டியை நிறுத்தும் முறை

இழுத்தால் பிடிக்கும், அழுத்தினால் விடும். அநேகமாக எல்லாவற்றிலும் இதுதான். வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்ட ஸ்விட்ச். கால் பிரேக்கில் வண்டியை நிறுத்தி, ஸ்விட்சை மேலே தூக்கி, மூன்று விஷயத்துக்குக் காத்திருங்கள்: பின்னாலிருந்து 'க்ர்ர்' சத்தம், ஸ்விட்சில் ஒரு விளக்கு, மீட்டரில் சிவப்பு விளக்கு. சிவப்பு நிலையாக எரிந்தால் பிடித்துவிட்டது. மினுக்கினால் முழுதாகப் பிடிக்கவில்லை. மஞ்சள் விளக்கு என்றால் கோளாறு, பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

விடுவிக்க இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும், கால் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும், பிறகு ஸ்விட்சை அழுத்த வேண்டும். இதில் ஒரு நன்மை கவனியுங்கள். கடைவாசலில் குழந்தைகளை வண்டியில் விட்டு இறங்கினால், லிவர் வண்டியில் பொத்தானை அழுத்திக் கீழே தள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடியும். ஸ்விட்ச் வண்டியில், சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தால், முடியாது. ஏ.சி. ஓடட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுப் போனால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

சில வண்டிகள் இன்ஜினை அணைத்ததும், அல்லது 'பி'யில் போட்டதும், தாமே பிரேக்கைப் போட்டுக்கொள்ளும். சில போடாது. என் மைத்துனன் வண்டி போட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் என் லிவர் வண்டியை ஓட்டிவிட்டு, அணைத்துவிட்டு, சும்மா இறங்கிப் போனான். கும்பகோணம் தெரு என்பதால் தப்பித்தது. வீட்டில் இரண்டு வகை வண்டியும் இருந்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தானாகப் போடுகிற வண்டியிலும் கையால் போட்டுவிட்டே இறங்குவது.

கை வலி, தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கு ஸ்விட்ச் வரப்பிரசாதம். பயணிகள் கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதி 13-எச் என்ன கேட்கிறது தெரியுமா? முழு எடை ஏற்றிய வண்டியை 20 சதவீதச் சரிவில், அதாவது ஐந்து மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் ஏறுகிற மேட்டில், ஹேண்ட் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். கையால் போடுவதென்றால் 400 நியூட்டனுக்கு மேல் விசை கேட்கக் கூடாது. 400 நியூட்டன் என்பது ஏறக்குறைய 40 கிலோ. அரை மூட்டைக்கு மேல் நெல்லைத் தூக்குகிற பலம். எழுபது வயது அம்மா தினமும் அப்படி இழுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆட்டோ ஹோல்டு, ஹில் ஹோல்டு: இவை ஹேண்ட் பிரேக் அல்ல

ஸ்விட்சுக்குப் பக்கத்தில் 'ஆட்டோ ஹோல்டு' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டு வைத்தால், சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றதும் காலை எடுத்துவிடலாம். பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வண்டியே பிடித்து வைக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ரயில் பாதையைக் குறுக்கே கடந்து தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இது நின்று காத்திருப்பதற்கு, நிறுத்திவிட்டுப் போவதற்கு அல்ல. இறங்கும் முன் ஸ்விட்சைத் தூக்குங்கள்.

ஹில் ஹோல்டு என்பது மேட்டில் கால் பிரேக்கை விட்டதும் இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடித்துக்கொடுப்பது. அவ்வளவுதான்.

பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்புவது

பாலத்தின் ஏற்றத்தில், முன்னால் கரும்பு லாரி, பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பைக். நம்மில் பலர் ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் க்ளட்ச்சிலேயே வண்டியை மிதக்க விடுவோம். க்ளட்ச் பிளேட் கருகுகிற அந்த வாடை டெல்டாவின் பாலங்களுக்கே உரியது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓட்டுநர் தேர்வைச் சொல்லும் 15ஆம் விதி, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ, ஆக்சிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியாகப் பயன்படுத்திப் பின்னால் உருளாமல் கிளம்பிக் காட்ட வேண்டும் என்கிறது. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்து காட்டினோம் என்று கேட்காதீர்கள்.

லிவர் வண்டியில்: ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். முதல் கியர். லிவரைப் பிடித்துப் பொத்தானை அழுத்தி வையுங்கள், ஆனால் இறக்காதீர்கள். க்ளட்ச்சை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்துக் குறையும், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அங்கே காலை நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, லிவரை இறக்குங்கள். வண்டி முன்னால்தான் போகும். ஆள் இல்லாத நேரம் பார்த்து, விடிகாலையில், பழைய பாலம் ஒன்றில் பத்துத் தடவை செய்து பாருங்கள். பதினோராவது தடவை கை தானாகச் செய்யும்.

ஸ்விட்ச் வண்டியில் இந்த நாட்டியம் தேவையில்லை. கதவு சாத்தி, சீட் பெல்ட் போட்டு, கியரில் போட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிரேக் தானே விடும். பெல்ட் போடாவிட்டால் பல வண்டிகளில் விடாது. "வண்டி நகரவே மாட்டேங்குது" என்று எனக்கு வந்த முதல் போனுக்குக் காரணம் அதுதான்.

கரையோரம் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புவது

புத்தகத்தில் எழுதியிருப்பது இது. இடப்பக்கம் ஒதுக்கி, மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி வையுங்கள். மூக்கு மேட்டைப் பார்த்திருந்து ஓரத்தில் நடைபாதைக் கல் இருந்தால் வலப்பக்கம். கல் இல்லையென்றால் இடப்பக்கம். பிரேக் விட்டாலும் வண்டி சாலைக்குள் போகாமல் ஓரமாகப் போய் முட்டி நிற்கும் என்பது கணக்கு.

நம் ஊரில் அந்த ஓரத்தில் அரசலாறு ஓடும். அல்லது வாய்க்கால். ஆகவே நம்மூர் விதி வேறு: தண்ணீர் இருக்கிற பக்கம் சரிவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நூறு அடி தள்ளிச் சமதரையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கு இறக்கப் பக்கமாக ஒரு கல், மூன்றும். டிக்கியில் ஆப்பு மாதிரி செதுக்கிய இரண்டு கட்டை போட்டு வைத்திருக்கிறேன். பலூன்காரப் பையனை எல்லா ஊரிலும் எதிர்பார்க்க முடியாது.

மழை, வெள்ளம், மாதக்கணக்கில் நிற்கும் வண்டி

டெல்டாவில் ஹேண்ட் பிரேக் கெடுவது ஓடி அல்ல, நின்றுதான்.

மன்னார்குடியில் என் பெரியப்பா புரட்டாசியில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுச் சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போனார். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. கொட்டகைக்குள் தண்ணீர் வரவில்லை, ஈரம் மட்டும். தை பிறந்து வந்து வண்டியை எடுத்தால் இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி பின்னால் குந்தி எழுந்திருக்கிறதே தவிர நகரவில்லை. கூட இருந்த ஆள் ஆக்சிலரேட்டரை ஏறி மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம், வண்டி பாய்ந்தது. மறுநாள் டிரம்மைக் கழற்றினோம். உள்ளே செம்மண் மாதிரித் துரு கொட்டியது. டிரம்மின் உள்சுவரில் ஷூ ஒட்டியிருந்த இடம் பிறை மாதிரி தனியாகத் தெரிந்தது. ஷூவின் லைனிங், அதாவது உரசும் பட்டை, அதன் இரும்பிலிருந்து பிய்ந்து கையோடு வந்தது.

ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால், குறிப்பாக மழைக்காலத்தில், இப்படிச் செய்யுங்கள்.

வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் ஓட்டி வந்திருந்தால் கடைசி அரை கிலோமீட்டர் கால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வாருங்கள். அந்தச் சூட்டில் டிரம்மும் டிஸ்க்கும் காயும். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதல் கியர் அல்லது 'பி'. பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஸ்விட்ச் வண்டி தானாகப் பிரேக் போடுகிற வகை என்றால், அதைப் போடாமல் அணைக்கும் முறை கையேட்டில் இருக்கும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போதே செய்ய வேண்டியது அது.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதா? ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். முதல் கியரில் க்ளட்ச்சை லேசாகத் தொட்டு முன்னால், ரிவர்ஸில் லேசாகத் தொட்டுப் பின்னால், தொட்டில் ஆட்டுகிற மாதிரி நாலைந்து தடவை. ஓர் இரவு ஈரம் என்றால் இதிலேயே விடும். விடாவிட்டால் மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுவார்.

ஸ்விட்ச் வண்டிக்கு மழையில் வேறு கவலை. ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, பேட்டரி இறங்கிப்போயிருக்கிறது, வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். லிவர் வண்டி என்றால் லிவரை இறக்கி, நியூட்ரல் போட்டு, மூன்று பேர் தள்ளினால் போயிற்று. ஸ்விட்ச் வண்டி அசையாது. பேட்டரிக்கு உயிர் கொடுத்தால்தான் பிரேக் விடும். அதனால் ஸ்விட்ச் வண்டி வைத்திருப்பவர் ஒரு நல்ல ஜம்பர் கேபிளை வீட்டில் வைத்திருப்பதும், பேட்டரியை நாலாவது வருடத்தில் ஒரு சோதனை செய்வதும், மழை எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேட்டில் நிறுத்துவதும் நல்லது.

சேற்றில் மாட்டிய காரை டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது நமக்குச் சர்வசாதாரணம். ஸ்விட்ச் வண்டியில் கயிறு கட்டும் முன் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணையாமல் இழுத்தால் பின்சக்கரம் சுற்றாமல் உழுதுகொண்டே வரும். வயலுக்கு நல்லது, காலிபருக்கு ஆகாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று கூடுதல் தலைவலி. லிவர் வண்டியில் கேபிள் உறைக்குள் துரு ஏறி, இழுத்தால் பிடிக்கும், விட்டால் திரும்ப வராது. ஸ்விட்ச் வண்டியில் காலிபருக்குப் போகும் ஒயர் கனெக்டரில் களிம்பு பூக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவது. அப்புறம், நிறுத்தியே வைக்காமல் ஓட்டுவது.

மலைக்குப் போனால்

கொடைக்கானலோ, எழுபது கொண்டைஊசி வளைவு உள்ள கொல்லிமலையோ இறங்கி வந்து நிறுத்தும்போது டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்த இரும்பு ஆறும்போது சுருங்கும்; கவ்வியிருந்த பிடி கொஞ்சம் தளரும். ஸ்விட்ச் வண்டிகளில் பல, சிறிது நேரம் கழித்துத் தாமே மறுபடி இறுக்கிக்கொள்ளும். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பூட்டிய வண்டியிலிருந்து 'க்ர்ர்' என்று கேட்டால் பயப்படாதீர்கள். பின்னால் டிஸ்க் உள்ள லிவர் வண்டி என்றால் அந்த வேலை உங்களுடையது: பத்து நிமிடம் கழித்து வந்து இன்னொரு 'டிக்' இழுத்துவிட்டுப் போங்கள், கியரிலும் இருக்கட்டும்.

ஓடும்போது கால் பிரேக் பிடிக்காவிட்டால்

லிவர்: பொத்தானை அழுத்தியபடியே, நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வால் வீசும். கூடவே கியரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

ஸ்விட்ச்: தூக்கிப் பிடித்துக்கொண்டே இருங்கள், விடாதீர்கள். வண்டி பீப் அடித்துக்கொண்டு, பெரும்பாலான வண்டிகளில் நான்கு சக்கரத்தையும் எண்ணெய் அழுத்தத்தால் பிடித்து நேராக நிறுத்தும். கையை எடுத்தால் பிரேக்கும் விடும். இந்த இடத்தில் ஸ்விட்ச்தான் மேல், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் படித்துவிட்டு, அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கிற பெரிய களத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு தடவை செய்து பாருங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் காட்டிக்கொடுங்கள். ஓட்டுபவருக்கு மயக்கம் வந்தால் அவர்தான் இழுக்க வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது

'டிக்' எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் "ஹேண்ட் பிரேக் டைட் வைங்க" என்போம். மெக்கானிக் லிவருக்கு அடியில் இருக்கும் கேபிள் நட்டை நாலு சுற்று இறுக்கிவிட்டு "ஆச்சு" என்பார். பாதி நேரம் இது தப்பு வைத்தியம். டிரம் உள்ள வண்டியில் ஷூ தேய்ந்ததால்தான் இடைவெளி கூடியிருக்கும். முதலில் டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரைச் சரிசெய்து, பிறகும் தளர்வு இருந்தால்தான் கேபிள். கேபிளை மட்டும் இறுக்கினால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே ஓடும், மைலேஜ் விழும். சந்தேகம் வந்தால் பத்து கிலோமீட்டர், பிரேக் அதிகம் போடாமல், ஓட்டிவிட்டுப் பின்சக்கர ரிம்முக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடுப்பு மாதிரி சுட்டால் அங்கே உரசுகிறது.

ஸ்விட்ச் வண்டியில் பின் பேடு மாற்றும்போது முதல் கேள்வி: "சர்வீஸ் மோடில் போட்டீங்களா?" மோட்டார் திருகைப் பின்னால் இழுத்துக்கொண்ட பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். பல வண்டிகளில் இதற்கு, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனர் கருவி வேண்டும். பழைய பழக்கத்தில் சி-கிளாம்ப் போட்டு நெட்டித் தள்ளினால் உள்ளே திருகு போய்விடும், காலிபரையே மாற்ற வேண்டியிருக்கும். என் மைத்துனன் வண்டிக்கு ஒரு பட்டறையில் இதுதான் நடந்தது. "நாப்பது வருஷமா பேடு மாத்துறேன் தம்பி" என்றார் அங்கிருந்த பெரியவர். பொய்யில்லை, நாற்பது வருடமும் லிவர் வண்டி. கிளாம்ப்பை மாட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவன் அவன்தான்.

சரி, எதை வாங்குவது?

இதற்காக மட்டும் வேரியன்ட் ஏற வேண்டாம் என்பது என் கருத்து. கிராமத்தில் வீடு, வருடத்தில் பாதி நாள் வண்டி கொட்டகையில், பக்கத்தில் ஸ்கேனர் உள்ள பட்டறை இல்லை, மேனுவல் கியர்தான் ஓட்டுவேன் என்றால் லிவர் போதும், லிவர்தான் நல்லது. தினமும் கும்பகோணம், தஞ்சாவூர் நெரிசலில் ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர், வயதானவர், குழந்தைகளோடு போகிறவர் என்றால் ஸ்விட்சும் ஆட்டோ ஹோல்டும் சேர்ந்து கொடுக்கிற சுகம் நிஜமான சுகம். 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்துக்குள் வண்டி ஓட்டி இடது கால் மரத்துப்போனவர்கள், அடுத்தது 2028ல் வருகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய வண்டி வாங்கினால், விலை பேசும் முன் ஒரு பாலத்து ஏற்றத்துக்கு ஓட்டிப் போங்கள். பின்னால் வண்டி வராத நேரமாக இருக்கட்டும். லிவர் என்றால் 'டிக்' எண்ணி இழுத்து, நியூட்ரலில் காலை எடுங்கள். கையேட்டில் சொன்ன எண்ணிக்கைக்குள் நிற்க வேண்டும். பிறகு திரும்பி நின்று, மூக்கு பள்ளத்தைப் பார்க்க இன்னொரு தடவை. ஸ்விட்ச் என்றால் கண்ணாடியை இறக்கி, ஒரு ஆளைப் பின்னால் நிற்கச் சொல்லாமல் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, மூன்று தடவை போட்டு எடுங்கள். இரண்டு பக்கமும் 'க்ர்ர்' ஒரே அளவில், ஒரே நீளத்தில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்து இழுத்துக் கேட்டால் பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் அப்படியே கேட்டால் ஒரு காலிபரின் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.